அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்600: பேர்போன் மினி பிசி வாங்கலாமா, வேண்டாமா?

டெஸ்க்மினி எக்ஸ்600 பெட்டியை வாங்கி வந்து, அடாப்டரைச் செருகி, பவர் பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. உள்ளே இருப்பது ஏஎம்5 சாக்கெட் (ஏஎம்டி ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள சின்ன மதர்போர்டு, அது உட்காரும் இரும்புக் கேபினட், வெளியே 19 வோல்ட் 120 வாட் அடாப்டர், சாட்டா கேபிள்கள், சில ஸ்க்ரூக்கள். அவ்வளவுதான். ப்ராசஸர், அதற்கு மேல் கூலர், ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, விண்டோஸ் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். பேர்போன் என்று போட்டு விற்பதற்கு இதுதான் அர்த்தம்.

அதனால் ஆன்லைனில் தெரியும் விலையைப் பார்த்து “அட, இவ்வளவு மலிவா?” என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஓடும் நிலைக்கு வரும்போது, அந்தப் பெட்டியின் விலை மொத்தச் செலவில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிடிஆர்5 ரேமோ நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியோ (போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான வகை) கையில் இருப்பவர்களுக்கும், மூன்று நான்கு வருடம் கழித்துப் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது அருமையான பொருள். எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போகிறவர்கள் கீழே சொல்லும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பிரவுசர், எக்செல், டேலி, யூடியூப் மட்டும்தான் என்றால் இது தேவையே இல்லை.

பேர்போனில் இரண்டு வகை

கடையில் பேர்போன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கின்றன. முதல் வகையில் ப்ராசஸர் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் நாம் போட வேண்டும். இன்டெல் கொண்டுவந்த நக் வரிசை, ஜிகாபைட் பிரிக்ஸ், மினிஸ்ஃபோரம் விற்கும் பேர்போன் மாடல்கள் எல்லாம் இந்த வகை. 2023 ஜூலையில் நக் தொழிலில் இனி நேரடியாக முதலீடு செய்யப்போவதில்லை என்று இன்டெல் அறிவித்தது. அதன்பின் உரிமம் பெற்று ஆசஸ் அதைத் தொடர்கிறது. இன்று கடையில் நக் கேட்டால் ஆசஸ் பெயரில்தான் கிடைக்கும்.

இரண்டாவது வகையில் ப்ராசஸரும் நம் விருப்பம். டெஸ்க்மினி இந்த வகை. நீளம் 155, அகலம் 155, உயரம் 80 மில்லிமீட்டர்; ஏறக்குறைய 1.9 லிட்டர் கொள்ளளவு. அதற்குள் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸரே உட்காருகிறது.

இந்த வேறுபாடு விலையைவிட முக்கியம். முந்தைய மாடலான எக்ஸ்300-ஐ வாங்கி 4 கோர் உள்ள ரைசன் 3 3200ஜி போட்டவர்கள், பயாஸை (மெஷினை எழுப்பும், போர்டிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு அதே போர்டில் 8 கோர் உள்ள ரைசன் 7 5700ஜி மாட்டிக்கொள்ள முடிந்தது. பெட்டி, அடாப்டர், ரேம், எஸ்எஸ்டி எதுவும் மாறவில்லை. சால்டர் செய்த ப்ராசஸரில் இது நடக்காது. வேகம் போதாமல் போனால் போர்டோடு மாற்ற வேண்டும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி 2024-ல் சொல்லியிருப்பதால், எக்ஸ்600-க்கும் அதே வழி திறந்திருக்கிறது. முதல் வகை பேர்போனுக்கு இந்தச் சாதகம் இல்லை. அதை வாங்க ஒரே நியாயமான காரணம் விலை வித்தியாசம்தான்.

கணக்கு போடும் முறை

ஒரே மாடல் பேர்போனாகவும், ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் போட்ட முழு மெஷினாகவும் விற்கிறதா என்று பாருங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு ரேம், அதே அளவு எஸ்எஸ்டி, அசல் விண்டோஸ் லைசென்ஸ் மூன்றையும் நீங்கள் வெளியில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டுங்கள். கூட்டுத்தொகை வித்தியாசத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் பேர்போன் லாபம். சமமாக இருந்தால் முழு மெஷினே நல்லது, ஏனென்றால் அங்கே எல்லாப் பாகத்துக்கும் ஒரே வாரண்டி.

சில வருடம் முன்பு இந்தக் கணக்கு பெரும்பாலும் பேர்போன் பக்கம் சாய்ந்தது. கம்பெனிகள் ரேமுக்கு அதிக விலை வைத்தன, வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைத்தது. 2025 கடைசியில் அது தலைகீழாகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் மெமரி சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்து, சில்லறை ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் கூடவே நகர்கிறது. பழைய விலையில் ஸ்டாக் வைத்திருக்கும் முழு மெஷின் கிடைத்தால், இன்று அதுவே பேர்போனைவிட மலிவாக முடிய வாய்ப்பு அதிகம். போன வருட வீடியோவில் சொன்ன விலையை வைத்து யாரும் பட்ஜெட் போட வேண்டாம். கடைக்குக் கிளம்பும் அன்று காலை விலை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம், எஸ்எஸ்டி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இந்த விலையேற்றமே பேர்போனை இன்னும் நியாயமாக்குகிறது. சும்மா கிடக்கும் இரண்டு 16 ஜிபி லேப்டாப் ரேமுக்கு இப்போதுள்ள மதிப்பு அப்படி.

எக்ஸ்600-க்குக் கணக்கில் வர வேண்டியவை: பெட்டி, ப்ராசஸர், கூலர், ரேம் இரண்டு, எஸ்எஸ்டி, வைஃபை கார்டும் ஆன்டெனாவும், விண்டோஸ். கூலரையும் ஆன்டெனாவையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தொழிலுக்காக வாங்குபவர்கள் எல்லாப் பில்லிலும் ஜிஎஸ்டி எண் போடச் சொல்லுங்கள். 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம் என்பதால் ஐந்து கடையில் ஐந்து பில் வாங்கினாலும் கணக்கு நிற்கும்.

ப்ராசஸர்: எதைப் போடலாம், எதைத் தொடக் கூடாது

இந்தப் பெட்டியில் கிராபிக்ஸ் கார்டு மாட்ட ஸ்லாட் இல்லை. திரையில் படம் வருவது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வழியாகத்தான். அதனால் பெயரின் கடைசியில் எஃப் உள்ள ப்ராசஸர் எதுவும் இங்கே பயன்படாது. ரைசன் 5 7500எஃப் விலை கவர்ச்சியாக இருக்கும். மாட்டினால் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், விஜிஏ எதிலும் படம் வராது. 8400எஃப், 8700எஃப் இரண்டும் அப்படியே.

அடுத்து வாட். அஸ்ராக் சொல்லும் வரம்பு 65 வாட் ப்ராசஸர். ஏஎம்5-ல் 65 வாட் என்று அச்சிட்ட ப்ராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான். அதோடு எஸ்எஸ்டி, ரேம், ஃபேன், யுஎஸ்பியில் செருகியவை எல்லாம் சேர்ந்தால் 100 வாட்டைத் தாண்டும். 120 வாட் அடாப்டரில் மிச்சம் கொஞ்சம்தான். 7600எக்ஸ், 7700எக்ஸ் மாதிரி 105 வாட் ப்ராசஸர்களை இதில் போட நினைப்பதே தவறு. 65 வாட் ப்ராசஸரிலும்கூட, மின்சாரத்தை யுஎஸ்பியிலிருந்தே எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குகள் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் தொங்கவிடாதீர்கள். அடாப்டர் தாங்காதபோது எச்சரிக்கை எதுவும் வராது. வேலையின் நடுவே மெஷின் பட்டென்று அணைந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வது ரைசன் 5 8600ஜி. 6 கோர், ரேடியான் 760எம் கிராபிக்ஸ். போட்டோஷாப், கோடிங், இரண்டு மானிட்டர், அவ்வப்போது வீடியோ வெட்டுவது எல்லாம் தாராளமாக ஓடும். 8 கோர் 8700ஜி-யில் 780எம் கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்ஸைக் குறைத்து 1080பி-யில் கேம் ஆடுபவர்களுக்கும், வர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டுபவர்களுக்கும் அந்தக் கூடுதல் பணம் தகும். 8500ஜி மலிவு, ஆனால் அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (எஸ்எஸ்டி போன்றவை ப்ராசஸரோடு தரவு பரிமாறும் பாதைகள்) குறைவு. இரண்டு வேகமான எஸ்எஸ்டி போடப் போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. கிராபிக்ஸ் முக்கியமில்லை, கம்பைல் வேலைதான் என்றால் 65 வாட் ரைசன் 5 7600-ம் போதும். அதில் படம் காட்டும் அளவுக்குச் சின்ன கிராபிக்ஸ் உண்டு.

எந்த ப்ராசஸராக இருந்தாலும் அஸ்ராக் தளத்தில் எக்ஸ்600-க்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, அதற்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். பெட்டியில் பழைய பயாஸ் இருந்து, நீங்கள் வாங்கியது புது ப்ராசஸராக இருந்தால் மெஷின் பூட் ஆகாது. எக்ஸ்300 காலத்தில் 5000ஜி வரிசை வாங்கியவர்கள் பலர் இதில்தான் மாட்டினார்கள்: அப்டேட் செய்யப் பழைய ப்ராசஸர் ஒன்று வேண்டும், அது கையில் இருக்காது. விற்கும் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்வதுதான் வழி.

கூலரில் மில்லிமீட்டர் கணக்கு

உயர வரம்பு 47 மில்லிமீட்டர். ஏஎம்டி 8500ஜி, 8600ஜி-யோடு இலவசமாகத் தரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54 மில்லிமீட்டர். உள்ளே போகாது. 8700ஜி-யோடு வரும் ரெய்த் ஸ்பயர் அதைவிட உயரம். ஆக, ப்ராசஸர் பெட்டியில் கூலர் இருக்கிறதே என்று நம்பி வாங்கினால் அன்றைக்கு வேலை முடியாது.

பொருந்துபவை: நாக்டுவா என்எச்-எல்9ஏ-ஏஎம்5, உயரம் 37. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 வரிசையில் எக்ஸ்36, எக்ஸ்47. பெயரில் உள்ள எண்தான் உயரம். எக்ஸ்47 அளவில் சரியாகப் பொருந்தும், ஆனால் மூடிக்கும் ஃபேனுக்கும் நடுவே இடைவெளி என்று எதுவும் மிஞ்சாது. ஃபேன் கம்பி கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால்கூட உரசும். சத்தம் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு நாக்டுவா, சூடு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்47. மதிய வெயிலில் அறையே 35 டிகிரியைத் தொடும் வீடுகளில் நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம்.

கூலரைவிடப் பெரிய பலன் பயாஸில் இருக்கிறது. 8600ஜி, 8700ஜி இரண்டையும் 45 வாட்டுக்கு இறக்கி வைக்கலாம். உச்ச மின்சாரம் 88-லிருந்து ஏறத்தாழ 60 வாட்டுக்கு இறங்கும். ஆபீஸ் வேலையில் வித்தியாசமே தெரியாது. நீண்ட நேர ரெண்டரிங்கில்தான் கொஞ்சம் தாமதம். ஃபேன் சத்தமும் அடாப்டர் சூடும் கணிசமாகக் குறையும். இந்தப் பெட்டியில் தனிக் கேபினட் ஃபேன் கிடையாது. கூலர் ஃபேன் ஒன்றுதான் காற்றை நகர்த்துகிறது என்பதால் இதை நாங்கள் கட்டாயம் என்றே சொல்வோம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

லேப்டாப் ரேம்தான் வேண்டும்: டிடிஆர்5 எஸ்ஓ-டிம். டெஸ்க்டாப் ரேம் நீளம், போகாது. பழைய லேப்டாப்பின் டிடிஆர்4-ம் போகாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. கட்டாயப்படுத்தி அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

ஒரே 16 ஜிபி போட்டுவிட்டு அப்புறம் இன்னொன்று வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த மெஷினில் அதனால் வரும் வேக இழப்பு பெரிது. கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. இதே ரேமைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. 5600 வேகத்தில் இரண்டு ரேம் இருந்தால் நொடிக்கு 89.6 ஜிபி தரவு நகரும். ஒன்று மட்டும் இருந்தால் 44.8. கேம்களில் ஃப்ரேம் எண்ணிக்கை இதனால் பெரிய அளவில் விழும். 16 ஜிபிதான் பட்ஜெட் என்றால் 8-ஆக இரண்டு வாங்குங்கள். கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய பங்கு போக மீதிதான் விண்டோஸில் தெரியும். 16 போட்டும் 15 சொச்சமோ 14-ஓ காட்டினால் ரேமில் கோளாறு இல்லை. 5600 ரேம் போட்டும் 5200 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். 8500ஜி, 8600ஜி, 8700ஜி அடங்கிய 8000ஜி வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200. பயாஸில் நாமே 5600 வைக்கலாம்.

எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 2280 ஸ்லாட், இரண்டு 2.5 இன்ச் சாட்டா இடம். ஒரு எம்.2 ஸ்லாட்டில் ஜென்5 (பிசிஐ எக்ஸ்பிரஸ் 5-ம் தலைமுறை) என்று பெருமையாகப் போட்டிருக்கும். 8000ஜி ப்ராசஸர்கள் ஜென்4 வரைதான் போகும். ஜென்5 எஸ்எஸ்டிக்குப் பணம் கொடுத்தால் கிடைப்பது கூடுதல் சூடு மட்டும், அந்தச் சூட்டைக் கடத்தும் பெரிய ஹீட்சிங்குக்கும் இங்கே இடமில்லை. நல்ல ஜென்4, ஏன், ஜென்3 எஸ்எஸ்டிகூட இங்கே போதும். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த எம்.2 எஸ்எஸ்டியா? அதன் முனையில் ஒரே வெட்டா, இரண்டு வெட்டா என்று பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது சாட்டா வகை. என்விஎம்இ ஸ்லாட்டில் மாட்டினால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்டிக்கரில் என்விஎம்இ என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் இதில் போகாது. 2.5 இன்ச்சிலும் 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெரிய கொள்ளளவு டிஸ்குகள் போகாது. இதை வைத்து வீட்டுக்கு ஒரு நாஸ் (எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) செய்யலாம் என்று திட்டமிடுபவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. புகைப்படங்களுக்கு இரண்டு சாட்டா எஸ்எஸ்டி என்றால் சரி. பத்து டிபி, பதினைந்து டிபி என்றால் வேறு பெட்டி பாருங்கள்.

வைஃபைக்கு எம்.2 2230 கார்டு ஒன்று. இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள், ஏஎம்டி போர்டில் ஓடும். பெயரில் ஒரே எண் வித்தியாசமுள்ள ஏஎக்ஸ்211 ஓடாது. அது இன்டெல் ப்ராசஸரின் உள்ளே உள்ள பாதியை நம்பிச் செய்த கார்டு. இன்டெல் லேப்டாப்புகளில் இருந்து கழற்றி மலிவாக விற்பவை பெரும்பாலும் அந்த வகை என்பதால் எண்ணை இரண்டு முறை படியுங்கள். வயர் வழியாக இணைப்பவர்களுக்கு 2.5 கிகாபிட் லேன் போர்டிலேயே இருக்கிறது, வைஃபை செலவே மிச்சம்.

பூட்டும் வரிசை

பின்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போர்டு உட்கார்ந்த தட்டு அப்படியே வெளியே இழுபடும். ஒரு எம்.2 ஸ்லாட் போர்டின் அடிப்பக்கம் இருக்கிறது. இரண்டாவது எஸ்எஸ்டி போடும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். கூலரைப் பூட்டிய பிறகு அடிப்பக்கம் போவது இரட்டை வேலை.

பிறகு ப்ராசஸர். ஏஎம்5-ல் ஊசிகள் ப்ராசஸரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. மொத்தம் 1718. ஒன்று வளைந்தாலும் செலவு போர்டுக்குத்தான். கம்பியை விடுவித்து, தகட்டைத் தூக்கி, மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி, ப்ராசஸரை மேலிருந்து நேராக வையுங்கள். தேய்க்கவோ நகர்த்தவோ வேண்டாம். மேலே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்காதீர்கள். கம்பியை அழுத்தி மூடும்போது அதுவே துள்ளி வெளியே வரும். அந்த மூடியைப் பத்திரமாக வையுங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

அடுத்து வைஃபை கார்டு, அதன் இரண்டு ஆன்டெனா வயர்கள், பிறகு மேல்பக்க எஸ்எஸ்டி. ஆன்டெனா முனைகள் மிகச் சிறியவை. நேராக வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து, சொடக்கென்று பிடிக்கும். சாய்வாக அழுத்தினால் நசுங்கி, சிக்னல் என்றைக்கும் சரியாக வராது. ரேமைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, இரண்டு பக்கக் கிளிப்பும் பிடித்ததா என்று பாருங்கள். கடைசியாகக் கூலர். ஏஎம்5-ல் சாக்கெட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பிராக்கெட்டை நான்கு ஸ்க்ரூ எடுத்துக் கழற்றச் சொல்லும் கூலர்கள் உண்டு. அடியில் உள்ள இரும்புத் தகட்டை விட்டுவிட வேண்டும். தெர்மல் பேஸ்ட் மெல்லியதாக, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் வயரைச் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் செருகுங்கள்.

பெட்டியை மூடும் முன் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். இங்கேதான் பலர் பதறுகிறார்கள். புது டிடிஆர்5 ரேமோடு முதன்முறை பூட் ஆகும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். சில நிமிடங்கள் நீடிக்கலாம், ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். அப்போதும் படம் வரவில்லை என்றால் ஒரு ரேமைக் கழற்றி முயலுங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றி முயலுங்கள். ரேமை மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ இதே காத்திருப்பு திரும்ப வரும்.

விண்டோஸ் 11 நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும். வைஃபை டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றும்போதே அஸ்ராக் தளத்திலிருந்து லேன் டிரைவரையும், வைஃபை கார்டுக்கான டிரைவரையும் இன்னொரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். உபுண்டு 24.04 போடுபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, கிராபிக்ஸும் நேரடியாக ஓடும்.

கரண்ட்டும் யுபிஎஸ்ஸும்

சும்மா இருக்கும்போது இந்த வகை மெஷின் 10 முதல் 20 வாட்டுக்குள் நிற்கும். சராசரி 15 வாட் என்று வைத்து நாள் முழுக்க ஓடவிட்டால் 60 நாளுக்கு 21.6 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டவர் பிசி அதே காலத்தில் 86.4 யூனிட் தின்னும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் வீட்டு இணைப்பில், முதல் 100 யூனிட் இலவசத்தைப் பெரும்பாலும் அந்த ஒரு டவரே சாப்பிட்டுவிடும். எப்போதும் ஓட வேண்டிய சிசிடிவி சர்வர், கடை பில்லிங் சர்வர் போன்றவற்றுக்கு இந்தச் சேமிப்பு நிஜமானது. ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம் பயன்படுத்துபவர் கரண்ட் பில்லைக் காரணம் காட்டி இதை வாங்க வேண்டாம்.

ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதற்கு ஆகாது. இதற்கு வேண்டியது 19 வோல்ட், 6.3 ஆம்பியர். சாதாரண 600 விஏ யுபிஎஸ் போதும், சுமை குறைவு என்பதால் நல்ல நேரம் தாங்கும். சர்வராக வைப்பவர்கள் பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தபின் யாராவது போய் பட்டனை அழுத்தும்வரை மெஷின் தூங்கும்.

இதே பணத்துக்கு வேறென்ன

முதலில் செகண்ட்ஹேண்ட் ஆபீஸ் மினிகள்: லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி. மூன்றுமே இன்டெல் 8-ம் தலைமுறை. ரேம், எஸ்எஸ்டி, அடாப்டர், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் சேர்ந்தே எக்ஸ்600 வெறும் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் முடியும். பிள்ளைகளின் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் இதைவிடப் பணத்துக்கு மதிப்பானது இன்று இல்லை. 6, 7-ம் தலைமுறை மெஷின்களை மட்டும் வாங்காதீர்கள். விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்டெல் 8-ம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக இடம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வாங்கும்போது அசல் அடாப்டர் கேளுங்கள். டெல் மெஷின் தனக்குத் தெரியாத அடாப்டரைக் கண்டால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு பூட்டு இல்லையா என்பதைக் கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

மேக் மினி எம்4 இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு. எல்லாப் பாகமும் புதிதாக வாங்கி எக்ஸ்600-ஐ 8700ஜி-யோடு கட்டுபவர் அந்தத் தொகைக்கு அருகில் வந்துவிடுவார். வேகத்திலும் அமைதியிலும் மேக் மினிதான் மேல். ஆனால் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, விண்டோஸில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் உள்ளவர்களுக்குப் பயனில்லை. கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பவர்கள் அஸ்ராக்கின் 8 லிட்டர் டெஸ்க்மீட் வரிசையைப் பார்க்கலாம். அதில் 500 வாட் பவர் சப்ளையும் கார்டு ஸ்லாட்டும் உண்டு.

வாங்கும் இடமும் வாரண்டியும்

முழு மெஷின் பழுதானால் ஒரு இடத்துக்குப் போனால் போதும். பேர்போனில் எது பழுது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. படம் வரவில்லை என்றால் ரேமா, போர்டா, ப்ராசஸரா என்று சொல்ல மாற்றிப் போட்டுப் பார்க்க உதிரிப் பாகம் வேண்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சந்தை பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. சின்ன ஊரில் இருப்பவர்கள் இதை யோசித்தே இறங்க வேண்டும். முடிந்தவரை பெட்டி, ப்ராசஸர், ரேம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பூட்டி, படம் வருவதைப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

ப்ராசஸரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாமல் டிரே என்று சொல்லி விலை குறைத்துத் தருவதற்கு ஏஎம்டியின் 3 வருட வாரண்டி கிடையாது, கடைக்காரர் வாய்ச்சொல்தான்.

வெளிநாட்டுத் தளங்களில் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லட்டோடு சேர்த்து அல்ட்ரா ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் (மிகச் சிறிய பெட்டி) கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்கும் மத்திய அரசு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தபாலிலோ கூரியரிலோ ஒரே ஒரு மெஷின் வரவழைப்பதற்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் வரி கட்ட வேண்டும். ஆபீஸுக்கு ஐந்து மெஷின் என்று ஆர்டர் போட்டால் சுங்கத்தில் நிற்கும். அப்படி வந்ததற்கு இங்கே சர்வீஸ் கிடைப்பதும் கடினம். இங்கேயே வாங்கும் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டின் கம்பியை விடுவித்து, தகட்டைப் பிளாஸ்டிக் மூடியோடு தூக்கி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, ஊசி வரிசைகள் ஒரே சீராக மின்னுகின்றனவா என்று பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வேறு திசையில் மின்னினால் அந்தப் போர்டு வேண்டாம். பார்த்த கையோடு கடைக்காரர் முன்னாலேயே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஊசியை வாரண்டியில் எடுக்க மாட்டார்கள். வளைத்தது நீங்கள் இல்லை என்று பிறகு காட்ட அந்தப் போட்டோ ஒன்றுதான் இருக்கும்.